கோட்டுக்கு முந்தின வட்டம்

லாரியின் பின்கதவைத் திறந்ததுமே நாற்றம் துரியாவின் முகத்தில் அடித்தது.

முதல் பெட்டியிலிருந்து ஒரு மத்தியை எடுத்துச் செவுளைப் பிளந்து மூக்கருகே கொண்டுபோனாள். அழுகல் நெடி மண்டைக்குள் ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது பெட்டியும் அப்படித்தான். ஐந்தாவதும் அப்படித்தான். சீட்டில் சிவப்புப் பேனாவால் ‘திருப்பி அனுப்பவும்’ என்று எழுதி ஓட்டுநர் கையில் திணித்தாள்.

“ராத்திரி பிடிச்ச மீனும்மா இது! ஐஸ் கூட உருகல, கையை விட்டுப் பாரு.”

“பாத்தாச்சு. எடுத்துட்டுப் போங்க.”

சாஃபி என்ற துறைமுக ஊரின் மீன் டப்பா ஆலைகளில் படகு வந்தால் சங்கு ஊதும். சங்கு கேட்டால் பெண்கள் நீல அங்கியை மாட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். மீன் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அன்றைக்கு மேசைகளில் கத்தி தீட்டிக் காத்திருந்த அறுபது பேரும் அங்கியைக் கழற்றினார்கள். அந்த அறுபதில் ஒருத்தி ரகிய்யா, துரியாவின் உம்மா. முப்பது வருடமாக மத்தித் தலை கிள்ளுகிறவள். மகளைப் பட்டதாரி ஆக்கியவை அந்தத் தலைகள்தான். இப்போது அதே மகள் வாசலில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்று, எந்த மீன் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்கிறாள்.

“ஏன் லல்லா துரியா,” என்று ஆரம்பித்தாள் அந்த அறுபதில் இன்னொருத்தியான மஹ்ஜூபா. லல்லா என்பது மரியாதைச் சொல். மஹ்ஜூபா வாயிலிருந்து வந்தால் அது செருப்படி. “அஞ்சு மாசத்துல இது மூணாவது லாரி. படிச்ச மூக்குக்கு எங்க மீனு ஒத்துக்கலையோ? காலேஜுல அஞ்சு வருஷமும் ரோஜாப்பூதான் மோந்துக்கிட்டிருந்தியா?”

“கெட்ட மீனை அடைச்சு வித்து யாராச்சும் செத்தா நீ போய்ப் பதில் சொல்லுவியா?”

“நாங்க பட்டினியில செத்தா நீ சொல்லுவியா?”

அறுபது பேரும் அவளைப் பார்த்தார்கள். உம்மா மட்டும் பார்க்கவில்லை. அங்கியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு மற்றவளாக நடந்து போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதியத்துக்குள் துரியா படுக்கையில் கிடந்தாள். கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது சுத்தியல் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். அதற்கே இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். உம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி நெற்றியில் அடுக்கித் துணியால் இறுக்கிக் கட்டினாள். கிழங்கு சூடானதும் மாற்றினாள். கூலி போனதைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள் தலை கண்ணாடி போலத் தெளிந்தது. காலையில் தீட்டு வந்திருந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனவளை மேனேஜர் பூஷாயிப் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு சிகரெட்டை அணைத்த கையோடு அடுத்ததைப் பற்ற வைத்தார். அந்த மனிதருக்கு எதிரே ஒரு செத்த கழுதையைக் கிடத்தினாலும் நாற்றம் தெரியாது. ஆனால் அவர் மூக்கைப் பற்றி இந்த ஆலையில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

“நீ திருப்பி அனுப்பின லாரி எங்க போச்சு தெரியுமா? எதிர் ஆலைக்கு. மத்தியானத்துக்குள்ள டப்பாவுல அடைச்சுட்டான். நான் ரெண்டு மீனை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தேன். இந்தா.”

காகிதத்தில் எல்லா எண்களும் வரம்புக்கு வெகு கீழே இருந்தன. நல்ல மீன். நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி நல்ல மீன்.

“போன ரெண்டு தடவையும் இதே கதைதான். முதலாளி கேக்கறார், அந்தப் பொண்ணு யார் மேல இருக்கிற கோவத்தை மீன் மேல காட்டுறான்னு. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா லேபிள் ஒட்டுற அறைக்குப் போயிடு. என் தங்கச்சி மகன் டிப்ளமா முடிச்சுட்டுச் சும்மாதான் இருக்கான்.”

அவள் ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் வாய் அப்படிப்பட்டது. ஆனால் காகிதம் கையில் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்குக் கோபம் கிடையாது. அந்த மீன் நாறியது. அவளுக்கு அது சத்தியம். அது நாறவில்லை என்பதும் சத்தியம். தன் மூக்கையே நம்ப முடியாமல் போவது எப்படி இருக்குமென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மாடிப்படி இறங்குகிறபோது இருக்கிற படியை இல்லை என்று கால் சொல்வது போல இருந்தது.

அது ரமலானுக்கு முந்தின மாதம். போன ரமலானில் தீட்டாலோ நோயாலோ விட்ட நோன்புகளை அடுத்த ரமலான் பிறப்பதற்குள் வைத்து முடித்துவிட வேண்டும். அதனால் அந்த மாதம் முழுக்கப் பெண்களுக்குள் ஒரே பேச்சு. தலை கிள்ளும் மேசையில், மாவு மில்லில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்று எங்கே பார்த்தாலும், உனக்கு எத்தனை பாக்கி, எனக்கு ரெண்டு, அடி சோம்பேறி எனக்கு ஒண்ணுகூட இல்ல. ஆண்கள் காதில் விழாத மாதிரி நடந்துகொள்வார்கள்.

அன்று சாயங்காலம் உம்மாவும் கேட்டாள். “உனக்கு எத்தனை நிக்குது?”

“பாத்துச் சொல்றேன்.”

துரியாவின் கணக்கு அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் இருந்தது. பதின்மூன்று வயதில், முதல் வருடம், நோன்பை விட்டுவிட்டு மறந்துபோனால் நரகம் என்று பயந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு ரமலானுக்கும் ஒரு வரிசை, வரிசைக்கு முப்பது புள்ளி. தீட்டினால் விட்ட நாளுக்குப் புள்ளிமேல் ஒரு கோடு. உடம்புக்கு முடியாமல், மாத்திரை போடுவதற்காக விட்ட நாளுக்கு ஒரு வட்டம். அந்த நோன்பைத் திரும்ப வைத்ததும் சிவப்பில் அடித்துவிடுவாள். பன்னிரண்டு வரிசை. பயம் போய் வெகுகாலம் ஆகியும் பழக்கம் போகவில்லை.

பாக்கி எத்தனை என்று எண்ணத்தான் கதவைத் திறந்தாள். மூன்று. மூட இருந்தவள் நின்றாள்.

கடைசி வரிசையில் இரண்டு வட்டம், அதை ஒட்டி ஆறு கோடு. அதற்கு மேல் வரிசையிலும் இரண்டு வட்டம், பிறகு கோடுகள். அதற்கும் மேலே, அதற்கும் மேலே, விரலை வைத்துக்கொண்டே போனாள். பதினேழு வயதிலிருந்து எட்டு வரிசை. எல்லாவற்றிலும் கோடுகளுக்குச் சரியாக முந்தின இரண்டு புள்ளியில் வட்டம். தனியாக நின்ற வட்டம் ஒன்றே ஒன்று. அது அவளுக்கு டைஃபாய்டு வந்த வருடம். வருடா வருடம் எத்தனை என்று மட்டுமே எண்ணியிருக்கிறாள். எங்கே என்று ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

“உம்மா, இங்க வா.”

ரகிய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வட்டமும் கோடும் யாருக்கும் தெரியும். வரிசை வரிசையாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“திங்கட்கிழமை லாரியைத் திருப்பினேன். இன்னிக்குக் காலையில எனக்கு வந்துடுச்சு. அதுக்கு முந்தின லாரி எப்பன்னு ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்லாம? அது புதன்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை கஸ்கஸ் சோறு வேகுது, தொழுகைக்கு வான்னு கூப்பிட்டேன், நீ தீட்டுன்னு கைகாட்டிட்டே. முதல் லாரி உன் சித்தி மக கல்யாண மருதாணிக்கு ரெண்டு நாள் முன்னாடி. மருதாணி அன்னிக்கு நீ வெள்ளை கஃப்தான் போட மாட்டேன்னு அழும்பு பண்ணினே.”

துரியா கட்டிலில் உட்கார்ந்தாள். கூலியைக் கேட்காதவள், மகள் தொழாத நாட்களை விரல் நுனியில் வைத்திருக்கிறாள்.

“எனக்கும் இருந்துச்சு,” என்றாள் உம்மா, கதவைப் பார்த்தபடியே. “தலையில துணியைக் கட்டிக்கிட்டே கிள்ளுவேன். மீன் வாடை அடிச்சா வாய்க்குள்ளயே வாந்தியை முழுங்கிடுவேன். தீட்டு நின்னதும் அதுவும் நின்னுபோச்சு.”

“ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?”

“சொல்லி?”

அந்த ஒற்றைச் சொல் துரியாவைச் சுட்டது. கோபம் வந்தது. யார்மேல் என்றுகூடத் தெரியாத கோபம். உம்மாவின் முப்பது வருடத்தை யாரும் ஒரு புள்ளிகூட வைத்துக் குறிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அரசு மருத்துவமனையில் அவள் ஒரு சண்டை போட்டிருந்தாள். நாலு மணி நேரம் வரிசையில் காத்திருந்தபின் டாக்டர் வஃபா கேட்டது, எந்த நாளில் தலை வலிக்கிறது, எந்த நாளில் தீட்டு என்று மூன்று மாதத்துக்கு எழுதிக்கொண்டு வா என்பதுதான். “மருந்து கேட்டா வீட்டுப்பாடம் குடுக்கறீங்க” என்று சொல்லிவிட்டு, கொடுத்த அட்டவணையை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். இப்போது அலமாரிக் கதவைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, உம்மாவோடு அங்கே போனாள். மன்னிப்பு கேட்கவில்லை. படத்தை நீட்டினாள்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள்.

“மூணு மாசம் கேட்டேன். பன்னெண்டு வருஷம் கொண்டுவந்திருக்கே.”

“எனக்கே தெரியாது, என்கிட்ட இருந்துச்சுன்னு.”

“தீட்டுக்கு முன்னாடி உடம்புல ஈஸ்ட்ரோஜன் சடார்னு இறங்கும். எல்லாருக்கும் இறங்கும். உன் மூளை அந்த இறக்கத்தைத் தாங்காத வகை. ஒற்றைத் தலைவலி. வெளிச்சம், சத்தம், வாடை எல்லாம் பத்து மடங்கு ஏறித் தெரியும். நல்ல வாடையே நாத்தமாத் தெரியும்.”

“மீன்?”

“மீனுக்கு என்ன தனிச் சலுகையா?”

உம்மா துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். துரியாவே அப்போதுதான் அதைப் பார்த்தாள். “மஹ்ஜூபா குடுத்தா. அவ மருமக ரமலான் பூராவும் இதைத்தான் போட்டுக்கிறா. தீட்டே வராது, முப்பது நோன்பும் முழுசு. தீட்டு வரலேன்னா தலைவலியும் வராதுல்ல?”

டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு துரியாவிடம் திரும்பினாள். “வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுக்குள்ள ஏதாவது மின்னுமா? ரம்பப் பல்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு?”

“சில தடவை. கால் மணி நேரம்.”

“அப்ப இது உனக்கு ஆகாது. இதுல ஈஸ்ட்ரோஜன் இருக்கு. அந்த மின்னல் பாக்கறவங்க இதைப் போட்டா மூளையில ரத்தம் கட்டிக்கிற ஆபத்து கூடும். உம்மா, கடைக்காரன் குடுக்கறான், பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கறான்னு இதை வாங்கக் கூடாது.”

ரகிய்யா அட்டையைத் தொடவே பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் இரண்டு மருந்து எழுதினாள். நாப்ராக்சன், வலி வருமென்று எதிர்பார்க்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே தொடங்கி, காலையும் மாலையும், தீட்டு வந்து இரண்டு நாள் வரைக்கும். அதையும் மீறி வலி கிளம்பினால், கிளம்பின உடனே போட வேறொரு மாத்திரை. சுத்தியலடி தொடங்கின பிறகு போட்டால் பாதிதான் கேட்கும்.

“அடுத்த வலி ரமலான் ஆறாம் நாள் வாக்குல வரும்,” என்றாள் துரியா. கணக்கை ஏற்கனவே போட்டுவிட்டிருந்தாள். “நோன்போட எப்படிக் காலையும் மாலையும் போடுறது?”

“நோன்பு திறந்து ஹரீரா கஞ்சியைக் குடிச்சதும் ஒண்ணு. விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுவீங்களே, அதோட ஒண்ணு. வெறும் வயித்துல மட்டும் கூடாது. தண்ணி நிறையக் குடி. ரெண்டாவது மாத்திரை தேவைப்பட்டா நோன்பை முறிச்சுட்டுப் போடு. அப்புறம் வச்சுக்கலாம். கணக்குல நீதான் கெட்டிக்காரியாச்சே.”

மறுநாள் அவளே பூஷாயிப் அறைக்குப் போனாள். கொண்டுபோனது நல்ல சேதி இல்லை. சொல்லாமல் இருக்கலாம், மாத்திரை வேலை செய்யுமென்று நம்பிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம். சொன்னால், பெண்பிள்ளை மூக்கு இவ்வளவுதான் என்று நாளைக்கு அவர் சொல்வார். ராத்திரி பாதி தூக்கத்தை இதில் தொலைத்திருந்தாள். ஆனால் அறுபது பேர் அங்கியைக் கழற்றியது கண்ணுக்குள்ளேயே நின்றது.

“மூணு லாரியும் நல்ல மீன்தான். நான்தான் தப்பு,” என்றாள். “தீட்டுக்கு முந்தின ரெண்டு நாள் எனக்கு ஒற்றைத் தலைவலி வருது. அப்ப மூக்கு பொய் சொல்லுது.”

பூஷாயிபின் காது சிவந்தது. பார்வை கூரைக்குப் போனது. “அஸ்தஃபிருல்லா! தலைவலின்னு சொல்லு போதும். மத்ததெல்லாம் எதுக்கு என்கிட்ட?”

“மத்ததுதான் விஷயமே. வெறும் தலைவலின்னா என்னிக்கு வரும்னு தெரியாது. இது என்னிக்கு வரும்னு தெரியும்.”

“அப்ப அந்த ரெண்டு நாள் லீவு போடு.”

“லீவு போட்டா உங்க தங்கச்சி மகன் வந்து நிப்பான். மூணாம் நாள் நான் வந்தா நகர மாட்டான். மருந்து போட்டுக்கறேன், வேலைக்கு வர்றேன். அந்த ரெண்டு நாள் மட்டும் என் மூக்கோட இன்னொரு மூக்கு வேணும். மேசையிலேர்ந்து ஒருத்தியைக் கூப்பிடுவேன், பதிவேட்டுல அவ பேரும் இருக்கும்.”

“தலை கிள்றவ பதிவேட்டுலயா?”

“அவங்க மீனைத் தொடறவங்க. நீங்களும் நானும் காகிதத்தைத் தொடறவங்க, சி பூஷாயிப்.” சி என்பது ஆண்களுக்கான லல்லா.

அவர் புகையை ஊதினார். இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்று முகம் கெஞ்சியது. “ஒரு தடவை. தப்பாச்சுன்னா லேபிள் அறை. அப்ப வந்து கதை சொல்லாதே.”

ரமலான் ஆறாம் நாள் காலை சங்கு ஊதியது. நாலு வேளை மாத்திரை உள்ளே போயிருந்தது. வலது கண்ணுக்குப் பின்னால் ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் கையில் சுத்தியல் இல்லை. துரியா வாசலுக்குப் போனாள். லாரிக் கதவு திறந்தது. நாற்றம்.

முதல் பெட்டி நாறியது. பத்தாவதும் நாறியது. எல்லாம் ஒன்றுபோல நாறின. அவளுக்கு இப்போது தெரியும், எல்லாம் ஒன்றுபோல நாறினால் அது மீனின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. வெப்பமானியைச் செருகினாள், சரியாகத்தான் காட்டியது. சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. உம்மாவைக் கூப்பிட்டால் வீட்டு மூக்கு என்பார்கள்.

“மஹ்ஜூபா அக்கா! கொஞ்சம் வாங்க.”

மேசைகளில் தலைகள் திரும்பின. மஹ்ஜூபா கத்தியோடு வந்தாள். “என்ன லல்லா, என்னையும் சேத்துத் திருப்பி அனுப்பப் போறியா?”

“மோந்து பாத்துச் சொல்லுங்க. இன்னிக்கு என் மூக்கு சரியில்ல.”

“ஏன், என்னாச்சு?”

துரியா சொன்னாள். ஓட்டுநர் பக்கத்தில் நின்றதைப் பொருட்படுத்தாமல் சொன்னாள். அவன் சட்டென்று டயரை ஆராயத் தொடங்கினான்.

மஹ்ஜூபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். வாசலோரப் பெட்டியில் ஒரு மீனை முகர்ந்தாள். “தேன்.” அடுத்தது. “தேன்.” ஓட்டுநர் சிரித்தான். அவள் பெட்டிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்கோடி வரைக்கும் போனாள். அங்கிருந்து நிறுத்தி நிதானமாக ஒரு வசவு வந்தது. நோன்பு நேரத்தில் சொல்லத் தகாத வசவு.

“இது நேத்து மீனு! நேத்து மீனு மேல இன்னிக்கு ஐஸைக் கொட்டி உள்ளே தள்ளியிருக்கான், களவாணி! துரியா, எழுது. வாசல்பக்கம் பாதி நல்லது. உள்பக்கம் பாதி பூனைக்குக் கூட ஆகாது.”

பாதி லாரி போனால் பாதி நாள் வேலை போகும். அது மஹ்ஜூபாவுக்கும் தெரியும். லாரி மேல் நின்றபடி மேசைப்பக்கம் பார்த்தாள். அறுபது பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக அந்தப் பார்வைக்கு எதிரே துரியா இல்லாமல் வேறொருத்தி நின்றாள்.

“என்னை ஏன்டி முறைக்கறீங்க?” என்று கத்தினாள். “நானா பிடிச்சேன்? பாதி வந்திருக்கு, கத்தியை எடுங்க!”

பூஷாயிப் உள்கோடியிலிருந்து எடுத்த இரண்டு மீனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். சாயங்காலம் காகிதம் வந்தது. எண்கள் வரம்பைத் தாண்டியிருந்தன. அவர் பதிவேட்டைப் புரட்டினார். துரியாவின் கையெழுத்துக்குக் கீழே மஹ்ஜூபா பெருவிரலால் வைத்த நீல ரேகையைப் பார்த்துவிட்டு, அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

அன்று பத்து மணிக்குத் துரியா நோன்பை முறித்திருந்தாள். சுத்தியல் எங்கிருந்தோ கைக்குக் கிடைக்கப் போகிறது என்று தெரிந்ததும், ஸ்டோர் அறையில் நின்று ரொட்டித் துண்டோடு இரண்டாவது மாத்திரையை விழுங்கினாள். ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சுத்தியல் வரவில்லை.

மாலை வாசலில் மஹ்ஜூபா அவளை வழிமறித்தாள்.

“அடுத்த மாசம் எந்த ரெண்டு நாளுன்னு இப்பவே சொல்லிடு.”

“ஏன் அக்கா?”

“ரமலான்னாலதான் இன்னிக்கு மூக்கு சுத்தமா இருந்துச்சு. மத்த நாள்ல காலையில எழுந்ததும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இல்லேன்னா எனக்குக் கை ஓடாது. உன் ரெண்டு நாளுக்கு மட்டும் போடாம வர்றேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பாக்காதே.”

எட்டாம் நாள் தீட்டு வந்தது. துரியா அலமாரிக் கதவைத் திறந்தாள். பதின்மூன்றாவது வரிசையில், ஆறாம் புள்ளியில் ஒரு வட்டம் ஏற்கனவே இருந்தது. எட்டாம் புள்ளியில் கோடு போட்டாள். உம்மா பின்னால் வந்து நின்று, மாவு ஒட்டிய விரலால் இரண்டுக்கும் நடுவே தொட்டாள்.

“இங்க ஒண்ணும் இல்லையே?”

“இல்ல. அன்னிக்கு வலி இல்ல, நோன்பு வச்சேன்.”

உம்மாவின் விரல் அந்த வெறும் புள்ளி மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.